சுவரில் இடம் ஒரு படத்துக்குத்தான்: ஐந்து வரலாற்றுப் புகைப்படங்களில் எதை மாட்டுவது?

நூலக வாசலுக்கு ஒரு படம் வேண்டும், வகுப்பறையின் பின்சுவருக்கு ஒன்று வேண்டும், சங்க அலுவலகத்தின் கூட்ட அறைக்கு ஒன்று வேண்டும் என்று கேட்டு எழுதுகிறவர்கள் பலர். சமூகப் போராட்டங்களை நினைவுபடுத்தும் வரலாற்றுப் படமாக இருக்கவேண்டும், பெரிதாக மாட்டவேண்டும், ஆனால் ஒன்றுக்குத்தான் இடம். அவர்கள் அனுப்பும் பட்டியல்களைப் பார்த்தால் ஏறக்குறைய இந்த ஐந்து படங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன: லூயிஸ் ஹைன் எடுத்த நூற்பாலைச் சிறுமி, டாரத்தியா லாங் எடுத்த இடம்பெயர்ந்த தாய், லிட்டில் ராக் பள்ளி வாசலில் எலிசபெத் எக்ஃபோர்ட், மெக்சிகோ ஒலிம்பிக் மேடையில் உயர்ந்த இரண்டு கைகள், போபாலில் புதைக்கப்படும் குழந்தை.

எது சிறந்த படம் என்று யோசித்தால் விடியாது. ஐந்துமே சிறந்த படங்கள்தாம். நானும் ஒருமுறை அப்படித்தான் யோசித்து லாங்கின் படத்தை மூன்றடி உயரத்தில் அச்சடித்து மாட்டினேன். பார்க்க வந்த சிறுவன் ஒருவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "இந்த அம்மாவுக்கு யாராவது சாப்பாடு கொடுத்தார்களா?" என்று கேட்டான். அந்தக் கண்காட்சியின் தலைப்பு உழைப்பாளர் போராட்டம். போராட்டத்தைப் பற்றி அன்று என்னிடம் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தவறு பையனுடையதல்ல, படத்தைத் தேர்ந்த என்னுடையது.

அதிலிருந்து படங்களை வேறு அளவுகோல்களால் அளக்கிறேன்.

எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், படத்தைப் பார்ப்பவர் வாயில் முதலில் வரும் கேள்வி. "ஐயோ பாவம், அப்புறம் என்ன ஆயிற்று?" என்பது ஒரு வகை. "இதை யார் செய்தது, யார் எதிர்த்தது?" என்பது இன்னொரு வகை. இரண்டுக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது.

இரண்டாவது, எதிர்த்தரப்பு படத்துக்குள் இருக்கிறதா என்பது. துயரப் படங்களில் பெரும்பாலும் துயரப்படுகிறவர் மட்டுமே இருப்பார். முதலாளியும் ஆளுநரும் நிறுவனமும் சட்டகத்துக்கு வெளியே சௌகரியமாக உட்கார்ந்திருப்பார்கள். அப்படிப்பட்ட படத்தில் வறுமை மழையைப் போல, வெயிலைப் போல தானாக வந்ததாகத் தெரியும்.

மூன்றாவது, படத்தில் இருப்பவருக்குப் பிறகு என்ன நடந்தது, அந்தப் படத்தைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்பது. நான்காவது, நெகட்டிவிலோ அச்சிலோ யாராவது கைவைத்திருக்கிறார்களா என்பது. கடைசியாகச் செலவு. உரிமத்தொகை மட்டும் செலவல்ல. படக்குறிப்பு எழுத ஆகும் நேரமும், அந்தப் படத்தின் பக்கத்தில் நின்று விளக்கவேண்டிய ஆளும் செலவில் சேர்த்திதான்.

| படம் | முதல் கேள்வி | எதிர்த்தரப்பு | படக்குறிப்பு | உரிமை |
|---|---|---|---|---|
| நூற்பாலைச் சிறுமி, 1910 | இவளுக்கு என்ன வயது? | எந்திரம் மட்டும் தெரிகிறது | நடுத்தரம் | பொதுவுடைமை (யாரும் பயன்படுத்தலாம்) |
| இடம்பெயர்ந்த தாய், 1936 | யாராவது உதவினார்களா? | இல்லை | நீளம், திருத்தங்களோடு | பொதுவுடைமை |
| லிட்டில் ராக், 1957 | அந்தப் பெண் ஏன் கத்துகிறாள்? | இருக்கிறது, பாதி மட்டும் | நடுத்தரம் | உரிமம் வேண்டும் |
| மெக்சிகோ நகரம், 1968 | மூன்றாவது ஆள் ஏன் கை தூக்கவில்லை? | இல்லை | நீளம் | உரிமம் வேண்டும் |
| போபால், 1984 | கேள்வி வருவதில்லை | இல்லை | நீளம், ஆள் துணையும் வேண்டும் | உரிமம் வேண்டும் |

பெய்ஜிங்கில் டாங்கி வரிசையை மறித்து நின்ற மனிதர் எங்கே என்பீர்கள். 1989 ஜூன் 5 அன்று நின்ற அவர் யார், பிறகு என்ன ஆனார் என்பது இன்றுவரை வெளியே தெரியவில்லை. மூன்றாவது அளவுகோலில் அந்தப் படம் நிற்காது. போதாததற்கு, பெய்ஜிங் ஹோட்டலிலிருந்து மட்டுமே நான்கு படக்கலைஞர்கள் அதே காட்சியைத் தனித்தனியாக எடுத்தார்கள். ஒருவர் படத்தின் கீழே இன்னொருவர் பெயரைப் போட்டு மாட்டியிருப்பதைப் பார்க்காத ஆண்டே இல்லை.

நூற்பாலைச் சிறுமி, வெர்மான்ட், 1910

ஒரு கையை நூற்பு எந்திரத்தின்மேல் வைத்துக்கொண்டு, அழுக்கேறிய மேலாடையில், வெறுங்காலில் ஒரு சிறுமி நம்மை நேராகப் பார்க்கிறாள். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் வடக்குப் பவுனல் என்னும் ஊரின் நூற்பாலை. வயது 12 என்று ஹைன் குறித்து வைத்தார்.

இந்தப் படம் எழுப்பும் முதல் கேள்வியும் அதை எடுத்தவர் எழுப்ப நினைத்த கேள்வியும் ஒன்றுதான். பள்ளி ஆசிரியராக இருந்த ஹைன் 1908 இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவின் முழுநேரப் படக்கலைஞரானார். ஆலைக்குள் விடமாட்டார்கள் என்பதால் தீயணைப்புச் சோதகர், விவிலியம் விற்பவர், அஞ்சலட்டை விற்பவர் என்று வேடம் கட்டிக்கொண்டு நுழைவார். தன் மேலங்கியின் ஒவ்வொரு பொத்தானும் தரையிலிருந்து எத்தனை உயரம் என்று அவருக்குத் தெரியும். பிள்ளை பக்கத்தில் வந்து நிற்கும்போது எந்தப் பொத்தான்வரை வருகிறது என்று பார்ப்பார். பையில் விட்ட கையாலேயே பார்க்காமல் குறிப்பு எழுதுவார். அவர் எடுத்தவை இரக்கப் படங்களைப் போலத் தெரிந்தாலும் உண்மையில் வழக்குக்கான சாட்சியங்கள்.

அந்த வழக்கு எப்படி இழுபட்டது என்பதுதான் படக்குறிப்பில் வரவேண்டும். 1916 இல் கூட்டரசு குழந்தைத் தொழிலுக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது. 1918 இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதைத் தள்ளியது. வழக்குப் போட்டவர், தன் பிள்ளைகளின் ஆலை வேலை போய்விடக்கூடாது என்று வந்த ஒரு தகப்பனார். நிலைத்து நின்ற சட்டம் 1938 இல்தான் வந்தது. அப்போது இந்தச் சிறுமிக்கு நாற்பது.

மறைவான செலவு இரண்டு. ஒன்று, படம் அழகு. பழுப்பேறிய அச்சு, கலைந்த கூந்தல், ஒளி விழும் முகம். பார்ப்பவர்கள் 'அந்தக் காலத்தில்' என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இன்னொன்று, பிள்ளைகள் சும்மா நின்றிருந்தார்கள், பெரியவர்கள் வந்து மீட்டார்கள் என்று படம் சொல்லாமல் சொல்கிறது. 1903 இலேயே தொழிற்சங்கப் போராளி மதர் ஜோன்ஸ் தலைமையில் ஆலைப் பிள்ளைகள் ஃபிலடெல்பியாவிலிருந்து குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டின் கோடை இல்லம்வரை ஊர்வலம் போனார்கள். அவர் சந்திக்க மறுத்துவிட்டார். அந்தச் செய்தியைப் படத்தின் கீழே சேர்க்காவிட்டால் கதை பாதிதான்.

இந்தச் சிறுமியின் பெயர் நெடுநாள் தவறாகவே புழங்கியது. 1998 இல் அமெரிக்க அஞ்சல் துறை அவள் முகத்தைத் தபால்தலையாக்கியது. அவர் தொண்ணூறு வயதைத் தாண்டி வாழ்ந்து 1993 இல் இறந்திருந்தார். தன் படம் இத்தனை பேர் சுவரில் தொங்கியது அவருக்குத் தெரியாது.

செலவைப் பொறுத்தவரை இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஹைன் அந்தக் குழுவுக்காக எடுத்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. பெரிய கோப்பாகவே இறக்கிக்கொள்ளலாம், யாரிடமும் கேட்கவேண்டியதில்லை. ஹைன் எழுதிய குறிப்புகளும் கூடவே கிடைக்கின்றன.

இடம்பெயர்ந்த தாய், கலிபோர்னியா, 1936

உலகில் மிக அதிகமாக அச்சடிக்கப்பட்ட படங்களில் ஒன்று. கன்னத்தில் கைவிரல்கள், நெற்றியில் சுருக்கம், இரண்டு பக்கமும் முகத்தைத் திருப்பிக்கொண்ட குழந்தைகள், மடியில் கைக்குழந்தை. பலருக்கு முதலில் தோன்றும் தேர்வு இதுவாகத்தான் இருக்கிறது. எனக்கும் இதுதான் தோன்றியது. இப்போது பெரும்பாலானவர்களிடம் வேண்டாம் என்கிறேன். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

நிப்போமோ என்னும் ஊரில் பட்டாணி பறிப்பவர்களின் முகாம். அரசின் மறுகுடியமர்த்தல் துறைக்காகப் படமெடுத்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த லாங், முகாமின் பெயர்ப்பலகையைக் கடந்து இருபது மைல் போனபின் காரைத் திருப்பிக்கொண்டு வந்தார். பத்து நிமிடம் இருந்தார். பெயர் கேட்கவில்லை. மார்ச் மாதம் சான் பிரான்சிஸ்கோ நாளிதழ் ஒன்றில் படங்கள் வெளியாகின. பட்டினி முகாமுக்கு அரசு 20,000 பவுண்டு உணவுப்பொருள் அனுப்பியது. அது வந்து சேர்வதற்குள் அந்தக் குடும்பம் அங்கிருந்து கிளம்பிவிட்டது.

ஆக, அந்தச் சிறுவனின் கேள்விக்குப் பதில்: கொடுத்தார்கள், இவருக்குக் கிடைக்கவில்லை.

அவர் பெயர் ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன். அப்போது வயது 32. அந்தப் பெயர் வெளியே தெரிய 42 ஆண்டுகள் ஆயின. 1978 இல் அவரைக் கண்டுபிடித்தபோது, அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்றார். அதிலிருந்து ஒரு காசுகூடத் தனக்கு வரவில்லை என்றார். படம் அரசின் சொத்து என்பதால் லாங்குக்கும் உரிமைத்தொகை வரவில்லை என்பது உண்மை. ஆனால் லாங்குக்குப் புகழ் வந்தது. தாம்சனுக்கு வந்தது, பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் இருந்த வெட்கம்.

லாங் தந்த விவரத்திலும் ஓட்டைகள் இருக்கின்றன. கார் டயர்களை விற்று உணவு வாங்கினார்கள் என்று லாங் எழுதினார். விற்கவே இல்லை என்றது குடும்பம். கார் பழுதாகி நின்றதால்தான் அங்கே தங்கினார்கள். புழுதிப்புயலில் நிலமிழந்து மேற்கே வந்த வெள்ளையர் என்று நாடு இவரைப் பார்த்தது. தாம்சன் அமெரிக்கப் பூர்வகுடிகளில் ஒன்றான செரோக்கி பழங்குடியைச் சேர்ந்தவர், புழுதிப்புயலுக்கு முன்பே கலிபோர்னியா வந்தவர். நெகட்டிவிலும் கைவைத்திருக்கிறார்கள். வலப்பக்கக் கீழ்மூலையில் கூடாரக் கம்பைப் பிடித்திருந்த ஒரு கட்டைவிரல் பின்னாளில் மங்கவைக்கப்பட்டது. இரண்டு வடிவங்களும் புழக்கத்தில் உண்டு. உங்கள் அச்சில் கட்டைவிரல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் திருத்திய படத்தை மாட்டுகிறீர்கள் என்று அர்த்தம்.

இவை எல்லாவற்றையும் நீளமான படக்குறிப்பால் சரிக்கட்டிவிடலாம். சரிக்கட்ட முடியாத குறை வேறு. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1933 இல், அதே மாநிலத்தின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் ஏறக்குறைய 18,000 பருத்திப் பறிப்பாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தவர்களும் உண்டு. பண்ணைத் தொழிலாளர்கள் சங்கம் வைத்தார்கள், அடிபட்டார்கள், மறுபடி சங்கம் வைத்தார்கள். தொழிற்சங்க உரிமை தந்த 1935 ஆம் ஆண்டுச் சட்டம் பண்ணைத் தொழிலாளரை விட்டுவிட்டது. கலிபோர்னியாவில் அவர்களுக்கென்று சட்டம் வர 1975 ஆயிற்று. இதில் ஒரு துளியும் படத்தில் இல்லை. படத்தில் இருப்பது ஒரு தாயின் கவலை. அரசு நிவாரணத்துக்கு ஆதரவு திரட்ட எடுத்த படம் அது, அந்த வேலையைச் செம்மையாகச் செய்தது. போராட்டப் படமாக அதைக் கேட்பது நம் தவறு.

இதைத்தான் மாட்டவேண்டும் என்று மனம் அடம்பிடித்தால் ஒரு வழி உண்டு. லாங் அன்று எடுத்த வரிசையில் ஐந்து படங்கள் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. தள்ளி நின்று எடுத்ததில் கூடாரமும் பெட்டியும் பருவ வயது மகளும் தெரிவார்கள். புகழ்பெற்றதைப் பெரிதாகவும் மற்றவற்றைச் சிறிதாகப் பக்கத்திலும் மாட்டினால், ஒரு படக்கலைஞர் எப்படி ஒவ்வோர் அடியாக நெருங்கி, சுற்றியிருந்ததை எல்லாம் வெட்டி, கடைசியில் ஒரு முகத்துக்கு வந்து சேர்ந்தார் என்பது பார்ப்பவருக்கே விளங்கிவிடும். பட ஊடகம் படிக்கும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

லிட்டில் ராக், ஆர்கன்சா, 1957

வெள்ளை மேல்சட்டை, கட்டம் போட்ட விளிம்புள்ள பாவாடை, கறுப்புக் கண்ணாடி, மார்போடு அணைத்த குறிப்பேடு. பள்ளியின் முதல் நாளுக்கென்று வீட்டிலேயே தைத்த உடை. எலிசபெத் எக்ஃபோர்டுக்கு 15 வயது. அவர் முதுகுக்குப் பின்னால் இன்னொரு 15 வயதுப் பெண், வெள்ளைக்காரப் பெண், வாயை முழுதாகத் திறந்து கத்துகிறாள்.

பொதுப் பள்ளிகளில் நிறத்தால் பிரிப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954 இல் தீர்ப்பளித்தது. லிட்டில் ராக் மத்திய உயர்நிலைப் பள்ளியில் சேர ஒன்பது கறுப்பின மாணவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். ஆளுநர் ஆர்வல் ஃபாபஸ் மாநிலக் காவற்படையை வாசலில் நிறுத்தினார். ஒன்பது பேரும் ஒன்றாக, மதகுருமார் துணையோடு போவதென்று கறுப்பினத்தவர் உரிமைச் சங்கத்தின் மாநிலத் தலைவர் டெய்ஸி பேட்ஸ் முந்தின இரவு ஏற்பாடு செய்தார். எக்ஃபோர்ட் வீட்டில் தொலைபேசி கிடையாது. சேதி போய்ச் சேரவில்லை. செப்டம்பர் 4 காலையில் அவர் மட்டும் பஸ்ஸிலிருந்து இறங்கித் தனியாக நடந்தார்.

படைவீரர்கள் வழிவிடவில்லை. திரும்பி, பின்னால் கும்பல் கத்திக்கொண்டே வர, அடுத்த பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். அந்த நடையைத்தான் உள்ளூர் நாளிதழின் படக்கலைஞர் வில் கவுன்ட்ஸ் எடுத்தார். மற்றப் பத்திரிகையாளர்கள் பலர் ஒவ்வொரு முறையும் தகடு மாற்றவேண்டிய பெரிய கேமராக்களோடு நின்றிருந்தபோது, கவுன்ட்ஸ் கையில் இருந்தது 35 மில்லிமீட்டர் சுருள் கேமரா. பின்னோக்கி நடந்தபடியே எடுத்துக்கொண்டு போக முடிந்தது. அந்த வாய் திறந்த கணம் கிடைத்ததற்கு அந்தச் சின்னக் கேமராவும் ஒரு காரணம்.

ஐந்தில் இந்த ஒரு படத்தில்தான் மறுப்பவரின் முகம் இருக்கிறது. வகுப்பில் இதைக் காட்டினால் பிள்ளைகள் எக்ஃபோர்டைப் பற்றி முதலில் கேட்பதில்லை. "அந்தக்கா ஏன் கத்துகிறார்?" என்கிறார்கள். அந்தக் கேள்வியிலிருந்து சட்டத்துக்கும் ஆளுநருக்கும் வாக்குக்கும் போவது எளிது.

மறைவான செலவும் அங்கேதான் இருக்கிறது. கத்தும் அந்தப் பெண்ணின் முகம் ஒரு மாநிலத்தின் வெறுப்புக்கே முத்திரையாகிவிட்டது. படையை நிறுத்திய ஃபாபஸ் படத்தில் இல்லை. அதற்குப் பிறகும் அவர் நான்கு தேர்தல்களில் வென்று 1967 வரை ஆளுநராக இருந்தார். குற்றம் முழுவதையும் ஒரு பள்ளிப்பெண்ணின் வாயில் திணித்துவிட்டு, கையெழுத்துப் போட்டவரை விட்டுவிடும் ஆபத்து இந்தப் படத்துக்கு உண்டு. படக்குறிப்பில் ஆளுநரின் பெயரை எழுதுவது அதனால் கட்டாயம்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. அந்தப் பெண் சில ஆண்டுகளில் எக்ஃபோர்டைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டார். 1997 இல் இருவரையும் அதே பள்ளி முன்னால் சேர்த்து நிறுத்தி கவுன்ட்ஸ் இன்னொரு படம் எடுத்தார். சமரசப் படம் என்று அது சுவரொட்டியாகவும் விற்றது. இரண்டையும் ஜோடியாக மாட்டலாமே, முடிவு இனிமையாக இருக்குமே என்று பலர் கேட்கிறார்கள். மாட்டாதீர்கள். அந்த நட்பு சில ஆண்டுகளிலேயே முறிந்துபோனது. முழு உண்மையைச் சொல்லாத சமரசத்தில் எக்ஃபோர்டுக்கு விருப்பமில்லை. அவர் ஏற்காத முடிவை நம் சுவரில் ஏற்றிவைக்க நமக்கு உரிமை இல்லை.

இந்தப் படம் பொதுவுடைமை அல்ல. முறையாக அனுமதி கேட்கவேண்டும், எத்தனை அடி, எத்தனை நாள் என்று எழுதித் தரவேண்டும். அதே காலையில் வேறொருவர் வேறு கோணத்தில் எடுத்த, ஏறக்குறைய இதே போன்ற படமும் உண்டு. எதற்கு அனுமதி வாங்குகிறீர்கள் என்பதில் தெளிவாக இருங்கள்.

மெக்சிகோ நகரம், 1968

அக்டோபர் 16, 200 மீட்டர் ஓட்டத்தின் பதக்க மேடை, அதில் அமெரிக்கக் கறுப்பின வீரர்கள் இருவர். 19.83 வினாடியில் உலக சாதனையோடு தங்கம் வென்ற டாமி ஸ்மித் வலக்கையையும், வெண்கலம் வென்ற ஜான் கார்லோஸ் இடக்கையையும் கறுப்புக் கையுறையோடு உயர்த்தி, தலை குனிந்து நிற்கிறார்கள். லைஃப் இதழின் ஜான் டாமினிஸ் எடுத்ததுதான் பலரும் அறிந்த வடிவம்.

சுவரில் இதைப் போல நிற்கும் படம் வேறில்லை. தூரத்திலிருந்தே தெரியும், பார்ப்பவர் முதுகு தானாக நிமிரும். பெருமிதத்தோடு ஒரு படம் வேண்டும், அழுகைப் படம் வேண்டாம் என்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். விளையாட்டு விடுதி, இளைஞர் மன்றம், பள்ளி மைதானத்தை ஒட்டிய அறை போன்ற இடங்களுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைக்காது.

காலைப் பார்க்கச் சொல்லுங்கள். காலணி இல்லை, கறுப்புக் காலுறை மட்டும், அது வறுமைக்கு. கார்லோஸ் கழுத்திலிருக்கும் மணிமாலை கும்பல் கொலையில் மாண்டவர்களுக்கு. ஜிப்பைத் திறந்துவிட்ட மேல்சட்டை உழைப்பாளிகளுக்கு. கார்லோஸ் தன் கையுறைகளை விடுதியிலேயே மறந்துவிட்டு வந்தார். ஒரே ஜோடியை ஆளுக்கொன்றாகப் போடலாமே என்றவர் மேடையில் கை தூக்காமல் நிற்கும் மூன்றாமவர், ஆஸ்திரேலியாவின் பீட்டர் நார்மன். அவர் மார்பிலும், கறுப்பின விளையாட்டு வீரர்களின் இயக்கமான 'மனித உரிமைகளுக்கான ஒலிம்பிக் திட்ட'த்தின் அதே வில்லை இருக்கிறது. இத்தனையும் பார்ப்பவரே தேடிக் கண்டுபிடிக்கக்கூடியவை என்பதால் இந்தப் படத்தின் முன்னால் நேரம் போவதே தெரியாது.

விலை என்னவென்றால், இது மிக எளிதாகச் சட்டைப் படமாகிவிடும். கறுப்புக் கை மட்டும் மிஞ்சும், கோரிக்கைகள் போய்விடும். அந்தத் திட்டத்தின் கோரிக்கைகள் திட்டவட்டமானவை: நிறவெறி நாடுகளான தென்னாப்பிரிக்காவையும் ரொடீசியாவையும் சேர்க்காதே, முகமது அலியின் பட்டத்தைத் திருப்பிக் கொடு, கறுப்பினப் பயிற்சியாளர்களை அமர்த்து, ஒலிம்பிக் குழுத் தலைவர் பிரண்டேஜை நீக்கு. தென்னாப்பிரிக்கா அந்த ஆண்டு வெளியே நிறுத்தப்பட்டது. பிரண்டேஜ் நீங்கவில்லை. ஸ்மித்தையும் கார்லோஸையும் அணியிலிருந்து நீக்கி அனுப்ப வைத்தவர் அவர்தான்.

படம் மறைப்பவர்களும் உண்டு. அதே போட்டிகளில் 100 மீட்டரில் தொடர்ந்து இரண்டாம் முறை தங்கம் வென்ற வையோமியா டையஸ், தொடரோட்டத் தங்கத்தை இந்த இருவருக்கும் சமர்ப்பித்தார். பெண் வீராங்கனைகளை அந்த இயக்கம் ஒரு வார்த்தை கலந்துகொள்ளவில்லை என்று பின்னாளில் அவரே சொன்னார். போட்டிகள் தொடங்குவதற்குப் பத்து நாள் முன்பு, அக்டோபர் 2 அன்று, அதே நகரத்தின் ட்லாட்டெலோல்கோ சதுக்கத்தில் மாணவர்களை அரசுப்படை சுட்டுக் கொன்றது. உலகத்துக்கு அந்த ஆண்டு மெக்சிகோ என்றதும் இந்த மேடைதான் நினைவுக்கு வருகிறது.

நார்மனுக்கு 1972 அணியில் இடம் கிடைக்கவில்லை. காரணம் இந்த மேடைதானா என்பதில் இன்றும் வாதம் நடக்கிறது. 2012 இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் அவரிடம் மன்னிப்புக் கேட்டது. அவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. இறுதி ஊர்வலத்தில் பெட்டியைத் தோளில் சுமந்தவர்களில் ஸ்மித்தும் கார்லோஸும் இருந்தார்கள். சான் ஹோசே பல்கலைக்கழகத்தில் இந்தக் காட்சியைச் சிலையாக வைத்தபோது தன் இடத்தைக் காலியாக விடச் சொன்னவர் நார்மன். வருகிறவர்கள் அதில் ஏறி நிற்கலாம்.

போபால், 1984

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். டிசம்பர் 2 இரவு கசிந்த நச்சுவாயுவுக்குப் பிறகு, மண்ணுக்குள் பாதி புதைந்த ஒரு குழந்தையின் முகமும் அதைத் தடவும் ஒரு கையும். ரகு ராய் கறுப்பு வெள்ளையிலும் பாப்லோ பார்த்தலோமியு வண்ணத்திலும் எடுத்தார்கள். வண்ணப் படத்துக்கு உலகப் பத்திரிகைப் புகைப்பட விருது கிடைத்தது. குழந்தை யாருடையது என்பது தெரியவே இல்லை. ஆகவே சம்மதம் கேட்கவும் ஆள் இல்லை.

அன்றாடம் மக்கள் கடந்துபோகும் சுவரில் இதை மாட்டவேண்டாம் என்பது என் கருத்து. முதல் வாரம் அதிர்வார்கள், மூன்றாம் வாரம் பார்க்காமலே நடக்கப் பழகிவிடுவார்கள். ஒரு பிள்ளையின் பிணத்தைக் கடந்து நடக்கப் பழக்குவது நாம் செய்யவேண்டிய வேலையல்ல. நினைவு நாளில், ஒரு மணி நேரத்துக்கு, பக்கத்தில் பேச ஒருவரோடு வைக்கலாம்.

போபாலைத்தான் சொல்லவேண்டும் என்றால் வேறு படம் தேடுங்கள். வாயு கசிந்த ஆலையின் நிறுவனமான யூனியன் கார்பைடு 1989 இல் 47 கோடி டாலரில் கணக்கை முடித்துக்கொண்டது. அதை ஏற்காமல் நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். ரஷீதா பீயும் சம்பா தேவி சுக்லாவும் ஓர் எழுதுபொருள் ஆலையில் வேலை பார்த்தவர்கள், 2004 இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது பெற்றவர்கள். 2006 இலும் 2008 இலும் பாதிக்கப்பட்டவர்கள் டெல்லிவரை நடந்தே போனார்கள். ஆலை வளாகத்தின் நச்சுக்கழிவில் 337 டன் அங்கிருந்து வெளியே போனது 2025 ஜனவரியில்தான். நடக்கும் பெண்களின் படங்கள் இருக்கின்றன. புகழ் இல்லை, விருது இல்லை, உரிமம் வாங்குவதும் எளிதாக இருக்கும்.

யார் எதை எடுக்கலாம்

கையில் காசே இல்லையென்றால் ஹைன். லாங்கும் இலவசம்தானே என்று அந்தப் பக்கம் சாயாதீர்கள். வரிசையாக நான்கைந்து படம் மாட்ட இடம் இருந்தால் மட்டும் லாங். விளையாட்டும் இளைஞர்களும் புழங்கும் இடமென்றால் மெக்சிகோ, ஆனால் கோரிக்கைப் பட்டியலோடு. உரிமத்துக்குக் கொஞ்சம் பணமும், வருகிறவர்களோடு பேச ஓர் ஆளும் இருந்தால், ஐந்தில் நான் லிட்டில் ராக்கைத்தான் எடுப்பேன்.

எதை எடுத்தாலும் இணையத்தில் கிடைக்கும் 'மெருகேற்றிய' கோப்புகளைத் தொடவேண்டாம். கருவி கற்பனை செய்த தோல்துளைகளும் பல்வரிசையும் அந்த மனிதர்களுடையவை அல்ல. வண்ணமூட்டிய வடிவங்களும் அப்படியே. எக்ஃபோர்டின் பாவாடைக் கட்டத்துக்கு யாரோ ஏதோ ஒரு நிறம் பூசினால் பார்ப்பவர் அதையே உண்மை என்று எடுத்துக்கொள்வார். அச்சுக்கு அங்குலத்துக்கு 150 புள்ளி போதும். மூன்றடி அகலம் என்றால் 5,400 புள்ளி. செல்பேசியில் வந்த படத்தில் அவ்வளவு இருக்காது.

படக்குறிப்பை முதலில் எழுதிப் பார்த்துவிட்டுப் படத்தை முடிவு செய்யுங்கள். எண்பது சொல்லுக்குள் சட்டகத்துக்கு வெளியே இருப்பவர்களைக் கொண்டுவர முடியவில்லையென்றால் அந்தப் படம் உங்கள் சுவருக்கு இல்லை. லிட்டில் ராக்குக்கு நான் எழுதி வைத்திருப்பது இது:

"1957 செப்டம்பர் 4. எலிசபெத் எக்ஃபோர்ட், வயது 15. ஒன்பது மாணவர்களும் சேர்ந்து போவதென்று டெய்ஸி பேட்ஸ் முந்தின இரவு ஏற்பாடு செய்தார். எக்ஃபோர்ட் வீட்டில் தொலைபேசி இல்லை. பள்ளி வாசலில் படையை நிறுத்தியவர் ஆளுநர் ஆர்வல் ஃபாபஸ், அவர் இந்தப் படத்தில் இல்லை. 21 நாள் கழித்து ராணுவப் பாதுகாப்போடு ஒன்பது பேரும் பள்ளிக்குள் போனார்கள். அடுத்த கல்வியாண்டில் நகரத்தின் உயர்நிலைப் பள்ளிகள் யாருக்கும் திறக்கப்படவில்லை."